ஏற மறுக்கும் மாட்யூல்

2024 பிப்ரவரி 10, சனிக்கிழமை. டெபியன் லினக்ஸின் 12.5 பதிப்பு வெளியானது. இதுபோன்ற திருத்தப் பதிப்புகளில் புதுமை என்று எதுவும் இருக்காது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்திருப்பார்கள், சில பிழைகளைச் சரிசெய்திருப்பார்கள். டெபியனை விரும்புகிறவர்கள் இந்தச் சுவாரசியமின்மைக்காகவே அதை விரும்புகிறார்கள். ஆனால் அந்த முறை, என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருந்த பலருக்கு அப்டேட் பாதியிலேயே நின்றது. கர்னல் தொகுப்பு முழுதாக நிறுவப்படவில்லை என்று செய்தி வந்தது. புதிய கர்னலில் பூட் செய்து பார்த்தவர்களுக்கு டெஸ்க்டாப் வரவில்லை, வெறும் எழுத்துத் திரைதான் வந்தது.

கார்டு பழுதாகவில்லை. என்விடியா தன் டிரைவரில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. மாறியது கர்னலில், அதுவும் நினைவகம் சம்பந்தப்பட்ட ஒரு சின்னஞ்சிறு சரிபார்ப்பில். அதற்கும் திரைக்கும் என்ன தொடர்பு? அதைச் சொல்வதற்கு முன் மாட்யூல் என்ற ஏற்பாட்டையே கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

லினக்ஸ் கர்னல் ஒரே பெரிய நிரல். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கிய காலத்தில், எந்தெந்தச் சாதனங்களுக்கு டிரைவர் வேண்டுமோ அவை எல்லாவற்றையும் உள்ளே சேர்த்து மொத்தத்தையும் கம்பைல் செய்தாக வேண்டும். புதிதாக ஒரு சவுண்ட் கார்டு வாங்கினால் கர்னலையே மறுபடி கம்பைல் செய்து ரீபூட் செய்ய வேண்டும். 1995இல் 1.2 பதிப்பு வருவதற்குள் இந்தத் தொல்லைக்கு விடை கிடைத்துவிட்டது. டிரைவர்களைத் தனித்தனிக் கோப்புகளாக வைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் கர்னலுக்குள் தேவைப்படும்போது ஏற்றலாம், வேலை முடிந்ததும் இறக்கலாம். அந்தக் கோப்புகள்தான் மாட்யூல்கள். இன்று ஒரு சராசரி டிஸ்ட்ரோவின் கர்னலோடு சில ஆயிரம் மாட்யூல்கள் வருகின்றன. உங்கள் கணினி அவற்றில் ஒரு சிறு பகுதியைத்தான் எப்போதாவது தொடும்.

பென்டிரைவ் ஒன்றைச் செருகுகிறீர்கள். அது தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் சொல்கிறது. கர்னல் அந்தத் தகவலை வெளியே அறிவிக்க, யூடெவ் என்ற பின்னணி நிரல் அதைக் கேட்டு, மாட்யூல்களை ஏற்றும் மோட்புரோப் என்ற கருவியின் வேலையைத் தொடங்குகிறது. மோட்புரோப் தன் அட்டவணைகளைப் புரட்டி, இந்தச் சாதனத்துக்கு எந்த மாட்யூல், அதற்கு முன்பு ஏற வேண்டிய மாட்யூல்கள் எவை என்று பார்த்து வரிசையாக ஏற்றுகிறது. அட்டவணைகளை முன்கூட்டியே தயாரித்து வைப்பது டெப்மாட் என்ற இன்னொரு கருவி. இவையெல்லாம் இருக்குமிடம் 'லிப்' கோப்புறைக்குள் 'மாட்யூல்ஸ்', அதற்குள் கர்னலின் பதிப்பு எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு கோப்புறை. மோட்புரோப் பார்ப்பது, இந்த நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் எண் எதுவோ அந்தப் பெயருள்ள கோப்புறையை மட்டுமே.

ஆர்ச் லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருக்கும் விசித்திரம் இதனால் வருவதுதான். காலையில் அப்டேட் செய்கிறார்கள், ரீபூட் செய்யாமல் வேலையைத் தொடர்கிறார்கள். மாலையில் பென்டிரைவைச் செருகினால், 'விஃபேட்' என்ற கோப்பு முறைமையே எனக்குத் தெரியாது என்கிறது கணினி. நேற்றுவரை தெரிந்தது இன்று எப்படி மறந்துபோகும்? ஆர்ச்சில் கர்னலுக்கு ஒரே தொகுப்புப் பெயர். புதியது வந்ததும் பழைய தொகுப்பின் கோப்புகள், மாட்யூல் கோப்புறை உட்பட, அழிந்துவிடுகின்றன. நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பதோ பழைய கர்னல். அது தன் எண்ணுள்ள கோப்புறையைத் தேடுகிறது, அது அங்கே இல்லை. ஏற்கெனவே ஏறிவிட்ட மாட்யூல்கள் எல்லாம் நன்றாக இயங்கும், புதிதாக எதையும் ஏற்றத்தான் வழியில்லை. ரீபூட் செய்தால் தீர்ந்தது. டெபியனிலும் உபுண்டுவிலும் கர்னலின் எண் தொகுப்பின் பெயரிலேயே இருப்பதால் பழையதும் புதியதும் அருகருகே வாழ்கின்றன. ஃபெடோரா வழக்கமாக மூன்று கர்னல்களை வைத்துக்கொள்கிறது.

கோப்பு இருந்தும் ஏறாமல்போவது அடுத்த கட்டம். இங்கேதான் கர்னல் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்ற கேள்வி எழுகிறது. சாதாரண மென்பொருள் ஒன்று தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கை வைத்தால் கர்னல் அதைப் பிடித்து நிறுத்திவிடும். அந்த மென்பொருள் மட்டும் சாகும், மற்றவை பிழைக்கும். மாட்யூலோ கர்னலுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொள்வது. அங்கே அதைத் தட்டிக்கேட்க மேலே யாரும் இல்லை. 2024 ஜூலை 19 அன்று விண்டோஸ் உலகம் இதை அனுபவித்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளில், கர்னல் மட்டத்தில் ஓடும் பகுதி ஒரு பழுதான தரவுக் கோப்பை வாசித்தது. எல்லை தாண்டி நினைவகத்தைத் தொட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன.

பழைய கர்னலுக்காகக் கம்பைல் செய்த மாட்யூலைப் புதிய கர்னலில் ஏற்றினால் நேரக்கூடியதும் இதே வகை விபத்துதான். கர்னல் தன் தகவல்களை வரிசையான கட்டங்கள் கொண்ட தரவுக் கட்டமைப்புகளில் வைத்திருக்கிறது. மூல நிரலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் உண்டு. கம்பைல் ஆனதும் பெயர்கள் மறைந்து, 'தொடக்கத்திலிருந்து 24ஆவது பைட்' என்பதுபோன்ற தூரங்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. ரேஷன் கார்டு விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்காமல், நான்காவது கட்டம் வயது, ஐந்தாவது கட்டம் வருமானம் என்று மனப்பாடமாக நிரப்பித் தருகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். புதிய படிவத்தில் மூன்றாவது கட்டத்துக்குப் பிறகு கைபேசி எண்ணுக்கென்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டார்கள். அவர் பழக்கத்தில் எழுதிக்கொண்டே போவார். கைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் 45, வயதுக்கான கட்டத்தில் ஆண்டு வருமானம். படிவத்தில் இது நகைச்சுவை. கர்னலில் அந்த எண்ணை ஒரு நினைவக முகவரி என்று நம்பி இன்னொரு பகுதி அங்கே எழுதப் போகும். அழிவது உங்கள் கோப்பு முறைமையாகவும் இருக்கலாம்.

இதைத் தடுக்க இரண்டு காவல்கள் உண்டு. முதலாவது வெர்மேஜிக் எனப்படும் ஒரு வரி. எந்தக் கர்னல் எண்ணுக்காகக் கட்டப்பட்டது, பல பிராசசர்களுக்கானதா, இடைமறிப்பு வசதி உண்டா என்பவை அந்த வரியில் பொறிக்கப்பட்டிருக்கும். மோட்இன்ஃபோ கட்டளை அதைக் காட்டும். கர்னல் தன் வரியோடு மாட்யூலின் வரியை ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் 'இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்' அல்லது 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று திருப்பி அனுப்பிவிடும்.

இரண்டாவது காவல் இன்னும் நுட்பமானது, எனக்குப் பிடித்ததும் அதுதான். மாட்வெர்ஷன்ஸ் என்று பெயர். கர்னல் மாட்யூல்களுக்குத் திறந்துவைத்திருக்கும் ஒவ்வொரு ஃபங்க்ஷனுக்கும் அது ஏற்கும் தரவுகளின் வடிவம், அந்தத் தரவுகளுக்குள் இருக்கும் தரவுகளின் வடிவம் என்று அடிவரை விரித்துப் பார்த்து, அத்தனையையும் ஒரு 32 பிட் சரிபார்ப்பு எண்ணாகச் சுருக்குகிறார்கள். எங்கோ ஆழத்தில் ஒரு கட்டம் கூடினாலும் அந்த எண் மாறிவிடும். மாட்யூல் தான் கம்பைல் ஆன காலத்து எண்களைக் கூடவே சுமந்து வருகிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், இன்ன ஃபங்க்ஷனின் பதிப்பில் உடன்பாடில்லை என்று கர்னல் பதிவேட்டில் எழுதிவிட்டு மறுக்கிறது. இந்த வசதி இருக்கும்போது வெர்மேஜிக் வரியின் கர்னல் எண்ணைக்கூடக் கர்னல் கண்டுகொள்வதில்லை. எண் என்னவாக இருந்தாலும் வடிவம் பொருந்தினால் போதும். ரெட் ஹாட் தன் நிறுவனப் பதிப்புகளில் குறிப்பிட்ட சில ஃபங்க்ஷன்களின் வடிவத்தை நீண்ட காலம் மாற்றாமல் காப்பாற்றுவது இந்த அடிப்படையில்தான். ஒருமுறை கட்டிய வெளி மாட்யூல் அங்கே பல அப்டேட்களைத் தாண்டி ஓடும்.

மோட்புரோப்பில் 'ஃபோர்ஸ்' என்றொரு விருப்பம் இருக்கிறது. இரண்டு காவல்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஏற்றச் சொல்வது. அது எதற்கு இருக்கிறது என்று கர்னல் எழுதுகிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் அது இல்லை என்றே நினைத்துக்கொள்ளலாம்.

எல்லோரும் ரெட் ஹாட் போல வடிவங்களைக் காப்பாற்றினால் என்ன? முடியாது என்பதல்ல, மாட்டோம் என்பதுதான் லினக்ஸின் பதில். சாதாரண மென்பொருள்களுக்குக் கர்னல் தரும் முகப்பை உடைக்கக் கூடாது என்பதில் டோர்வால்ட்ஸ் மிகக் கடுமையானவர். பத்தாண்டு பழைய மென்பொருளும் புதிய கர்னலில் ஓட வேண்டும். கர்னலின் உட்பக்கத்துக்கு அந்த வாக்குறுதி கிடையாது. கர்னலின் மூல நிரலோடு வரும் ஆவணங்களில் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் எழுதிய ஒன்று இதை வெளிப்படையாக வாதிடுகிறது. யுஎஸ்பிக்கான உள்முகப்பு குறைந்தது மூன்று முறை திருத்தி எழுதப்பட்டது என்று அவர் எடுத்துக்காட்டுகிறார். பழைய வடிவங்களையும் சுமந்துகொண்டே இருந்திருந்தால் இந்த முன்னேற்றம் சாத்தியமாகியிருக்காது என்பது வாதம். டிரைவரைக் கர்னலின் மூல நிரலுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள், முகப்பை மாற்றுகிறவர் உங்கள் டிரைவரையும் சேர்த்துத் திருத்திவிடுவார் என்கிறது ஆவணம். 9, 10 வாரங்களுக்கு ஒரு புதிய கர்னல் வந்துகொண்டிருந்தும் உங்கள் கீபோர்டு ஒருநாளும் நின்றுபோகாததற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான். அப்டேட்டுக்குப் பிறகு அடிபடுகிறவை பெரும்பாலும் வெளியே நிற்கும் டிரைவர்கள்: என்விடியா, விர்ச்சுவல்பாக்ஸ், சில பிராட்காம் வைஃபை சிப்புகளுக்கான டிரைவர். இந்தக் கொள்கை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் கர்னல் எழுதுகிறவர் அல்ல, திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் கறுப்புத் திரையைப் பார்க்கிறவர்.

வெளி டிரைவர்களை உயிரோடு வைத்திருக்க டெல் நிறுவனத்தின் லினக்ஸ் குழு 2003இல் ஒரு வழி செய்தது. டிகேஎம்எஸ் என்பது பெயர். மாட்யூலின் மூல நிரலைக் கணினியில் வைத்துக்கொண்டு, புதிய கர்னல் நிறுவப்படும்போதெல்லாம் அதற்கேற்ப அங்கேயே மறுபடி கம்பைல் செய்துவிடும். பெரும்பாலான நாட்களில் இது ஓசைப்படாமல் நடக்கிறது. நடக்காத நாட்களில் காரணம் அநேகமாக ஒன்றுதான்: புதிய கர்னலுக்குரிய ஹெடர் தொகுப்பு கணினியில் இல்லை. ஹெடர்கள் என்பவை கர்னலின் தரவு வடிவங்களை விவரிக்கும் கோப்புகள். அவை இல்லாமல் எந்த மாட்யூலையும் கம்பைல் செய்ய முடியாது. ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கான ஹெடரை மட்டும் கையால் நிறுவியவர்களுக்கு அடுத்த எண் வரும்போது ஹெடர் தானாக வராது. டெபியனில் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64', உபுண்டுவில் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்' என்ற பொதுத் தொகுப்பை நிறுவிவைத்தால் அது கர்னலோடு சேர்ந்தே நகரும்.

பிப்ரவரி 10 அன்று ஹெடர்கள் இருந்தன, டிகேஎம்எஸ் இருந்தது, கம்பைலரும் இருந்தது. டெபியன் 12.5 கொண்டுவந்தது 6.1.76 கர்னல். நினைவகத்தின் ஒரு பகுதியைக் கர்னல் அகற்றிக்கொண்டிருக்கும் அதே கணத்தில் இன்னொரு பிராசசர் அந்தப் பகுதி இருக்கிறதா என்று விசாரித்தால் ஏற்படக்கூடிய மோதலை அந்தப் பதிப்பில் சரிசெய்திருந்தார்கள். விசாரிக்கும் ஃபங்க்ஷனின் பெயர் 'பிஎஃப்என்-வேலிட்'. திருத்தம், அதற்குள் ஆர்சியு எனப்படும் பூட்டு ஒன்றைச் சேர்த்தது. சரியான திருத்தம், தேவையான திருத்தம்.

சிக்கல் அந்த ஃபங்க்ஷன் எழுதப்பட்டிருந்த இடத்தில் இருந்தது. அது ஹெடர் கோப்பில் இருப்பது. அதனால் அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் அதன் உடல் முழுவதும் நகலாகிவிடும். என்விடியா டிரைவர் அதைப் பயன்படுத்தியது. ஆக, பூட்டை அழைக்கும் வரியும் என்விடியாவின் மாட்யூலுக்குள் வந்து சேர்ந்தது. கர்னல் தன் ஃபங்க்ஷன்களில் சிலவற்றை யார் வேண்டுமானாலும் அழைக்கலாம் என்றும், சிலவற்றை ஜிபிஎல் உரிமத்துக்கு உடன்பட்ட மாட்யூல்கள் மட்டுமே அழைக்கலாம் என்றும் குறித்து வைத்திருக்கிறது. அந்தப் பூட்டு இரண்டாவது வகை. டெபியன் வழங்கிய டிரைவரோ தனியுரிம மாட்யூல். கம்பைலின் கடைசிக் கட்டத்தில் மாட்போஸ்ட் என்ற சரிபார்ப்பு நிரல், ஜிபிஎல்லுக்குப் பொருந்தாத மாட்யூல் ஜிபிஎல்லுக்கு மட்டுமான பெயரைப் பயன்படுத்துகிறது என்று சொல்லி நின்றுவிட்டது. டிகேஎம்எஸ் தோற்றது, அதன் தோல்வி கர்னல் தொகுப்பின் நிறுவலையும் தோல்வியாக்கியது. என்விடியா டிரைவரோடு மோதக் கூடாதென்று நூவோ என்ற திறந்த மூல டிரைவரை ஏற்கெனவே தடைப் பட்டியலில் போட்டிருப்பார்கள். ஆகவே கார்டை எடுத்து நடத்த ஒருவரும் இல்லை.

வடிவத்திலோ தர்க்கத்திலோ எந்தப் பிழையும் இல்லாமல், உரிமம் என்ற சட்டச் சொல் ஒரு லிங்க்கிங் பிழையாக வெளிப்பட்டது இது. பின்னர் திருத்தப்பட்ட டிரைவர் தொகுப்பு வந்து நிலைமை சரியானது. 2022 மே மாதம் என்விடியா தன் கர்னல் மாட்யூல்களின் இன்னொரு வடிவத்தை எம்ஐடி, ஜிபிஎல் என்ற இரட்டை உரிமத்தில் வெளியிட்டிருந்தது. டியூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தைய கார்டுகளுக்கும் மட்டும் அது பொருந்தும். அந்த வடிவத்துக்கு இந்தத் தடை கிடையாது.

பிழை வந்ததும் பலர் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அது சில வேளை பலிக்கும், ஏன் பலித்தது என்று தெரியாது. அதற்குப் பதிலாக யூநேம் கட்டளையால் இப்போது எந்தக் கர்னல் ஓடுகிறது என்று பாருங்கள். பிறகு அந்த எண்ணின் கோப்புறையில் மாட்யூல் இருக்கிறதா என்று பாருங்கள். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கட்டளை, கட்டி நிறுவப்பட்டுவிட்டதா அல்லது மூல நிரல் மட்டும் சேர்க்கப்பட்டு நிற்கிறதா என்று ஒரு வரியில் சொல்லும். கம்பைல் தோற்றிருந்தால், மாட்யூலின் டிகேஎம்எஸ் கோப்புறைக்குள் மேக்-லாக் என்ற கோப்பு கிடக்கும். அதில் கண்ணை ஓட்ட வேண்டியது கடைசி வரிக்கு அல்ல, முதலில் வரும் 'எரர்' என்ற சொல்லுக்கு. அதன் பிறகு வருபவை பெரும்பாலும் முதல் பிழையின் குட்டிகள்.

மாட்யூல் இருந்தும் ஏறவில்லை என்றால், மோட்புரோப் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அதற்குக் கர்னலிடமிருந்து கிடைப்பது ஓர் எண் மட்டும். அந்த எண்ணுக்குரிய பொதுவான வாக்கியத்தை அது ஒப்பிக்கிறது. உண்மையான காரணத்தைக் கர்னல் தன் பதிவேட்டில் எழுதியிருக்கும், அதை டிமெசேஜ் கட்டளை காட்டும். 'நோ சச் டிவைஸ்' என்று மோட்புரோப் சொன்னால் மாட்யூலில் குறை இருக்க வேண்டியதில்லை. அது ஏறியது, தனக்குரிய சாதனத்தைத் தேடியது, கிடைக்காமல் இறங்கிவிட்டது. என்விடியாவின் கெப்ளர் தலைமுறைக் கார்டுகளுக்கு 470 வரிசைதான் கடைசி டிரைவர். அப்டேட் அதைவிடப் புதிய வரிசையைக் கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும். பதிவேட்டில் அதற்கான விளக்கமும் இருக்கும்.

'கீ வாஸ் ரிஜெக்டெட்' என்றோ 'ரிக்வயர்ட் கீ நாட் அவைலபிள்' என்றோ வந்தால் கதை வேறு. 2012இல் விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து கணினிகளில், நம்பகமான கையெழுத்துள்ள நிரல்களை மட்டும் பூட் ஆகவிடும் செக்யூர் பூட் பரவலாகிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 3.7 கர்னல் மாட்யூல்களின் கையெழுத்தைச் சரிபார்க்கக் கற்றுக்கொண்டது. டிஸ்ட்ரோவோடு வரும் மாட்யூல்களில் டிஸ்ட்ரோவின் கையெழுத்து இருக்கும். உங்கள் கணினியில் டிகேஎம்எஸ் கட்டியதற்கு உங்கள் கணினியின் சாவிதான் கையெழுத்திட வேண்டும், அந்தச் சாவியை நீங்கள்தான் ஃபர்ம்வேர் மட்டத்தில் பதிவுசெய்ய வேண்டும். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்பார்கள். அடுத்த ரீபூட்டில் ஒரு நீலத் திரை வந்து, ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லி 10 விநாடி காத்திருக்கும். தேநீர் எடுக்கப் போனவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். கணினி வழக்கம்போல் பூட் ஆகிவிடும், சாவி பதிவாகியிருக்காது. செக்யூர் பூட்டையே அணைத்துவிடுவது சுலபமான வழி என்று பலர் சொல்வார்கள். வேலை செய்யும், ஒரு பாதுகாப்பு வளையத்தை இழக்கிறீர்கள் என்று தெரிந்து செய்தால் சரி. மோக்யூடில் கருவியால் பதிவை மறுபடி கோருவது சில நிமிட வேலைதான்.

வைஃபை மாட்யூல் போய்விட்டால் தீர்வை இறக்கவே இணையம் இல்லை என்ற சங்கடம். ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து டெதரிங்கை இயக்கினால், அதற்கு வேண்டிய மாட்யூல்கள் கர்னலோடே வருவதால், பெரும்பாலும் எதுவும் நிறுவாமல் இணையம் வந்துவிடும்.

எல்லாவற்றிலும் பயமுறுத்துவது, டிஸ்க்கையே காண முடியவில்லை என்று கர்னல் பேனிக்கில் நிற்பது. டிஸ்க்கைப் படிக்க மாட்யூல் வேண்டும், மாட்யூலோ டிஸ்க்கில் இருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்க, தொடக்கத்துக்குத் தேவையான மாட்யூல்களை மட்டும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு பொட்டலமாகக் கட்டிக் கர்னலின் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். பூட்லோடர் இரண்டையும் சேர்த்து நினைவகத்தில் ஏற்றும். புதிய கர்னல் வந்து, அதற்கான பொட்டலம் கட்டப்படாமலோ பாதியில் நின்றோ போனால் பேனிக். காரணம் பெரும்பாலும் அற்பமானது: பூட் பிரிவு தனியாகச் சிறியதாக இருக்கிறது, பழைய கர்னல்கள் சேர்ந்து அதை நிரப்பிவிட்டன. இடமில்லை என்ற எச்சரிக்கை அப்டேட்டின் நூறு வரிகளுக்கு நடுவே ஓடிப் போயிருக்கும். க்ரப் என்ற பூட்லோடரின் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். அது தன் மாட்யூல்களோடும் தன் பொட்டலத்தோடும் முழுதாக இருக்கும். பூட் பிரிவில் மிகப் பழைய கர்னல்களை நீக்கி இடம் செய்துவிட்டு, டெபியன் வகையில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ஃபெடோரா வகையில் டிராகட் என்று புதிய கர்னலுக்கான பொட்டலத்தை மறுபடி கட்டுங்கள். உள்ளே வர உதவிய அந்தக் கர்னலை இப்போதே நீக்க வேண்டாம். புதியதில் பூட் செய்து, திரை, வைஃபை, ஒலி, பென்டிரைவ் நான்கும் வேலை செய்கின்றன என்று பார்த்த பிறகு நீக்கினால் போதும்.